எங்க ஊர் மாரியோ மெதுவாகத்தான் ஓடுவான்

போன மாதம் பெங்களூரில் ஒரு புத்தக அறிமுகக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். கூட்டம் முடிந்து வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தபோது பழைய வீடியோ கேம் பெட்டிகளைப் பற்றிப் பேச்சு வந்தது. நான் எமுலேட்டர்களைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டேன் போல. ஒரு நண்பர் குறுக்கே வந்தார்: "நீங்க சாஃப்ட்வேர்ல இருக்கீங்க. காப்பிரைட்னா என்னன்னு தெரியும். அப்புறம் எப்படி இதுக்கு வக்காலத்து வாங்குறீங்க? இது படிச்சவங்க பாக்குற திருட்டு விசிடி, அவ்ளோதானே?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். எனக்குச் சரியான பதில் எப்போதும் மெட்ரோ ஏறிய பிறகுதான் தோன்றும். அந்தப் பதில்தான் இது. நீளமாகிவிட்டது.

ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதே நண்பர், அதே டீக்கடை வாசலில், பத்து நிமிடம் முன்புதான் அச்சில் இல்லாத ஒரு நாவலின் பிடிஎஃப் யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டிருந்தார். ஒருவர் உடனே வாட்ஸப்பில் அனுப்பியும் வைத்தார். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

என் ஊர் சித்தேரி. தருமபுரி மாவட்டத்தில், அரூரிலிருந்து மலை ஏறிப் போக வேண்டும். சாமையும் மரவள்ளியும் விளையும் ஊர். பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ்ஸுக்குப் பாதி நாள் உட்கார்ந்திருக்க வேண்டிய காலத்தில் நான் அங்கே வளர்ந்தேன். 2006ல் ஆட்சிக்கு வந்த திமுக அரசு இலவச கலர் டிவி கொடுத்தது. எங்கள் வீட்டுக்கு அது வந்தபோது நான் எட்டாம் வகுப்பு. அந்த வருஷ தீபாவளிக்கு, திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்த்த சித்தப்பா ஒரு டிவி கேம் வாங்கி வந்தார். சாம்பல் நிறப் பெட்டி, இரண்டு ரிமோட், ஒரு துப்பாக்கி, மஞ்சள் நிற கேசட் ஒன்று. கேசட்டின் மேல் 9999 கேம் என்று போட்டிருந்தது. உள்ளே இருந்தவை ஏழோ எட்டோ. மீதி எல்லாம் அதே கேம், வேறு வேறு லெவலிலிருந்து ஆரம்பிக்கும்.

அந்தப் பெட்டி நின்டெண்டோவின் ஃபேமிகாம் இயந்திரத்தின் நகல். அசல் ஜப்பானில் 1983 ஜூலையில் வெளியானது. கியோட்டோவிலிருந்து தைவான், சீனா, திருப்பூர் வழியாக சித்தேரிக்கு வந்து சேர 24 வருஷம் ஆகியிருக்கிறது. அதனால்தான் '90ஸ் கிட்ஸ்' மீம்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். நானும் தொண்ணூறுகளில் பிறந்தவன்தான். ஆனால் அந்த மீம்களில் இருக்கும் தொண்ணூறுகள் சென்னையிலும் கோவையிலும் நடந்தவை. எங்கள் ஊருக்கு அவை 2007ல்தான் வந்தன, அதுவும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் லோ வோல்டேஜில்.

மாரியோ, கான்ட்ரா, சர்க்கஸ், வாத்து சுடுவது. நானும் சித்தப்பா மகனும் விடிய விடிய ஆடியிருக்கிறோம். இந்த இடத்தில் நெகிழ்ந்துபோய் நாலு பத்தி எழுதலாம். எழுதப்போவதில்லை. எனக்கு வேண்டியது அதற்குப் பிறகு நடந்த ஒரு சின்ன விஷயம்.

பிளஸ் டூவில் அரசு லேப்டாப் கொடுத்தார்கள். 2011ல் ஜெயலலிதா ஆட்சி தொடங்கிய திட்டம். யோசித்துப் பார்த்தால் தமிழ்நாட்டில் எமுலேட்டர் என்ற சமாச்சாரம் பரவியதே அந்த லேப்டாப்களால்தான் என்று தோன்றுகிறது. ஹாஸ்டலில் பென் டிரைவ் கைமாறிக்கொண்டே இருக்கும். சினிமா, பாட்டு, ஜிடிஏ, கூடவே ஒரு எமுலேட்டர். கல்லூரி முதல் வருஷம் நானும் ஒன்றைப் போட்டு மாரியோவைத் திறந்தேன். திறந்ததுமே ஏதோ தப்பாகப் பட்டது. மாரியோ வேகமாக ஓடினான். பாட்டும் அவசரமாக இருந்தது. குழியைத் தாண்டக் குதித்தால் கை ஏமாந்து விழுந்தான். லேப்டாப் புதுசு, அதனால் ஃபாஸ்ட்டா ஓடுது என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்து அறையில் இருந்த சேலம் பையனும் அதையேதான் சொன்னான்: "டிவில ஆடுனது வேற மாதிரி இருந்துச்சுடா."

அது ஏன் என்று புரிய எனக்கு ஆறேழு வருஷம் ஆனது. புரிந்தபோதுதான் எமுலேட்டர் என்றால் என்ன என்றும் புரிந்தது.

கன்சோல் என்பது சில சிப்புகள். கேசட்டில் இருப்பது அந்தச் சிப்புகளுக்கு மட்டுமே புரியும் கட்டளைகள். சிப் செத்துவிட்டால் கேசட் வெறும் பிளாஸ்டிக். எமுலேட்டர் அந்தச் சிப்புகள் செய்த ஒவ்வொரு காரியத்தையும், எந்த நொடித்துளியில் செய்தன என்பதோடு சேர்த்து, இன்னொரு கணினியில் நிரலாகச் செய்துகாட்டுகிறது. அதற்குள் எந்த கேமும் கிடையாது. மாரியோவின் ஒரு மீசை முடிகூட இருக்காது. அது ஓர் இயந்திரத்தைப் பற்றிய முழுமையான விவரணை. படிக்கவும் செய்யலாம், ஓட்டவும் செய்யலாம்.

கேட்பதற்கு எளிதாக இருக்கும். செய்வது கொடுமை. மாரியோவில் மேலே ஸ்கோரும் காசுப் படமும் இருக்கிற வரி அசையாமல் நிற்கும், கீழே உலகம் நகரும். ஃபேமிகாமில் திரையின் ஒரு பாதியை மட்டும் நகர்த்த நேரடியான வழி கிடையாது. எனவே அதை எழுதியவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். டிவியில் படம் மேலிருந்து கீழாக வரி வரியாக வரையப்படுகிறது. அந்தக் காசுப் படத்தின் அடிப்பகுதி வரையப்படும் கணத்துக்காக நிரல் காத்திருக்கும். அது வரையப்பட்டது என்று வீடியோ சிப் சைகை காட்டியதும் திரையை நகர்த்திவிடும். பிரதான சிப் ஒரு அடி எடுத்துவைக்கும் நேரத்தில் வீடியோ சிப் மூன்று புள்ளி வரையும். இந்தக் கணக்கு எமுலேட்டரில் பிசகினால் ஸ்கோர் வரி நடுங்கும். சைகையே வராவிட்டால் கேம் அங்கேயே நின்றுவிடும்.

இதைவிட மோசமான கதைகள் உண்டு. சூப்பர் நின்டெண்டோவில் ஸ்பீடி கான்சாலஸ் எலியை வைத்து 1995ல் ஒரு கேம் வந்தது. அதன் பிந்தைய லெவல் ஒன்றில் ஒரு பட்டனை மிதித்தால் பல எமுலேட்டர்கள் உறைந்துபோயின. காரணம், நினைவகத்தில் ஒன்றுமே இல்லாத ஒரு முகவரியை கேம் வாசிக்கிறது. ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி. அசல் இயந்திரத்தில் அப்படித் தட்டினால், அதற்கு முன் கம்பியில் ஓடிய மின்சாரத்தின் மிச்சம் பதிலாக வரும். எழுதியவருக்கே தெரியாமல் கேம் அந்த மிச்சத்தை நம்பி ஓடிக்கொண்டிருந்தது. எமுலேட்டர் அந்தப் பிழையையும் பிழையாகவே செய்ய வேண்டும். பிஎஸ்நெஸ் என்ற எமுலேட்டரை எழுதிய பியூ, 2011ல் ஒரு கட்டுரையில், சூப்பர் நின்டெண்டோவைப் பிசகில்லாமல் நடத்த 3 கிகாஹெர்ட்ஸ் கணினி வேண்டும் என்றார். அசலின் வேகம் அதிகபட்சம் 3.58 மெகாஹெர்ட்ஸ். எண்ணூறு மடங்குக்கும் மேல். எதற்கு இவ்வளவு என்று கேட்டவர்களுக்கு அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது: பெரும்பாலும் சரியாக ஓடுகிறது என்பது சரியாக ஓடுகிறது ஆகாது.

இப்போது என் மாரியோவுக்கு வருகிறேன்.

ஜப்பான், அமெரிக்க டிவிகள் வினாடிக்கு 60 முறை திரையைப் புதுப்பிக்கும். அந்த முறைக்குப் பெயர் என்.டி.எஸ்.சி. இந்தியா எடுத்துக்கொண்டது பால் முறை. குடிக்கிற பால் இல்லை. அதில் வினாடிக்கு 50. ஃபேமிகாம் கேம்கள் ஒவ்வொரு திரைப் புதுப்பிப்புக்கும் ஒரு அடி நகரும்படி எழுதப்பட்டவை. 60 அடி வைக்க வேண்டிய மாரியோ 50 அடிதான் வைப்பான். நம் டிவிக்கு ஏற்ற நகல் பெட்டியில் அவன் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓட முடியும். பாட்டும் அதே அளவு நிதானம். இன்னொன்றும் உண்டு. தைவான் சிப்புகளை வைத்துச் செய்த பல நகல்களில் ஒலி அலையின் இரண்டு வடிவங்கள் இடம் மாறியிருக்கும். 25 சதவீதம் இருக்க வேண்டிய இடத்தில் 50, 50 இருக்க வேண்டிய இடத்தில் 25. சுருதி மாறாது, குரல் மாறிவிடும். நாதஸ்வரத்துக்கு எழுதியதைக் கிளாரினெட்டில் வாசித்ததுபோல.

ஆக, லேப்டாப்பில் ஓடியது ஜப்பான்காரர்களின் மாரியோ. எங்கள் டிவியில் ஓடியவன் வேறு ஒருவன்.

சரி, அவனை எமுலேட்டரில் கொண்டுவர முடியுமா? முடியும். எஃப்சிஇயுஎக்ஸ், மெசென் போன்ற எமுலேட்டர்களின் அமைப்புகளில் மூன்று தேர்வுகள் இருக்கும். ஒன்று என்.டி.எஸ்.சி. இரண்டாவது பால், அதாவது ஐரோப்பிய நின்டெண்டோ. அதில் சிப்பின் வேகமே வேறு. மூன்றாவதன் பெயர் டெண்டி. 1992 இறுதியில் ரஷ்யாவில் ஸ்டீப்ளர் என்ற நிறுவனம் விற்கத் தொடங்கிய நகல் பெட்டியின் பெயர் அது. சோவியத் உடைந்த அடுத்த வருஷம். நின்டெண்டோ அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத காலம். ஒரு தலைமுறை ரஷ்யக் குழந்தைகளுக்கு வீடியோ கேம் என்றாலே டெண்டிதான். அவர்கள் வளர்ந்து பொறியாளர்கள் ஆனார்கள். பெட்டியைப் பிரித்தார்கள், சிப்பின் கணக்கை அளந்தார்கள், மன்றங்களில் சண்டை போட்டார்கள். இன்று உலகத்தில் யார் எமுலேட்டரைத் திறந்தாலும் அந்தத் திருட்டு நகலின் பெயர் பட்டியலில் அதிகாரபூர்வமாக உட்கார்ந்திருக்கிறது.

நான் டெண்டி என்பதைத் தேர்ந்தெடுத்தேன். ஒலி வடிவம் மாற்றும் தேர்வையும் டிக் செய்தேன். மாரியோ ஓடினான். கிட்டத்தட்ட எங்கள் ஊர் மாரியோ. எனக்கு முதலில் சந்தோஷம், கொஞ்ச நேரத்தில் வெட்கம். நம்மூரில் சாமுராய் என்று ஒரு பெட்டி விற்றது. லிட்டில் மாஸ்டர் விற்றது. டெர்மினேட்டர் விற்றது. பெயரே இல்லாமல் திருவிழாக் கடைகளில் குவித்து வைத்து விற்றவை தனி. அவற்றில் எதன் பெயரும் அந்தப் பட்டியலில் இல்லை. பொறியியல் கல்லூரிக்குப் பஞ்சமே இல்லாத மாநிலம் இது. நான் என் குழந்தைப் பருவத்தை ரஷ்யர்கள் அளந்த அளவில் இரவல் வாங்கித்தான் ஆட வேண்டியிருக்கிறது.

இலக்கியம் படிக்கிறவர்களுக்கு இதை விளக்க ஒரு நல்ல சொல் இருக்கிறது: பாடபேதம். உ.வே.சாமிநாதையர் 1887ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது ஒரு ஏட்டை எடுத்து அச்சுக்குக் கொடுத்துவிடவில்லை. பல ஊர் ஏடுகளைத் தேடிச் சேர்த்து, எது எங்கே வேறுபடுகிறது என்று பார்த்துப் பார்த்து வேலை செய்தார். ஏதோ ஒரு ஊரில் யாரோ ஒருவர் பிழையாகப் பிரதி செய்த ஏடும் அவருக்கு வேண்டியிருந்தது. எமுலேட்டர் எழுதுகிறவர்கள் செய்வது இதுதான். ஜப்பான் பிரதி, அமெரிக்கப் பிரதி, ஐரோப்பியப் பிரதி, ரஷ்யத் திருட்டுப் பிரதி. சித்தேரி ஏடு மட்டும் வரவில்லை.

இப்போது நண்பரின் கேள்விக்கு. திருட்டுதானா?

ஒரு பகுதியை ஒப்புக்கொள்கிறேன். 2024 பிப்ரவரியில் நின்டெண்டோ யூசு என்ற எமுலேட்டரை எழுதியவர்கள் மீது வழக்குப் போட்டது. செல்டா வரிசையின் டியர்ஸ் ஆஃப் த கிங்டம் 2023 மே மாதம் கடைக்கு வருவதற்கு முன்பே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட முறை திருட்டுத்தனமாகத் தரவிறக்கப்பட்டது என்பது அவர்கள் குற்றச்சாட்டு. மார்ச்சில் யூசு தரப்பு 24 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு கடையைக் கட்டியது. எனக்கு அவர்கள் மீது பெரிய பரிதாபம் இல்லை. கடையில் கிடைக்கும் கேமை, அதை எழுதினவன் சம்பளம் வாங்கும் மாதத்திலேயே சுடுவது திருட்டு. டொராண்டோவில் ஒரு சின்னக் குழு 2023ல் வெளியிட்ட வெண்பா கேமை யாராவது ஓசியில் இறக்கி ஆடினால் எனக்குக் கோபம் வரும். கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பத்தின் கதை அது. அதில் நாயகி தன் அம்மாவின் பழைய சமையல் குறிப்பு நோட்டை வைத்துக்கொண்டு, அழிந்துபோன வரிகளைத் தானே ஊகித்து இட்லி சுட வேண்டும். காசு கொடுத்து ஆடுங்கள்.

ஆனால் திருட்டு விசிடிக்காரன் விற்றது கடையில் ஓடிக்கொண்டிருந்த படத்தை. எமுலேட்டர் கையாளும் சரக்கு பெரும்பாலும் எந்தக் கடையிலும் இல்லை. வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று விற்பனையில் கிடைப்பதில்லை. அது அமெரிக்காவின் நிலைமை. நம் நிலைமையைப் பார்ப்போமா?

2009ல் ஹைதராபாத்தின் ஔரோனா டெக்னாலஜிஸ் ஹனுமான்: பாய் வாரியர் என்று பிளேஸ்டேஷன் 2க்கு ஒரு கேம் செய்தது. முழுக்க இந்தியாவில் உருவான முதல் பிளேஸ்டேஷன் கேம் என்று சொல்லித்தான் வெளியிட்டார்கள். கடவுளை ரிமோட்டால் ஆட்டுவதா என்று சர்ச்சைகூட ஆனது. அதே வருஷம் கேம்சாஸ்த்ரா நிறுவனம் தேசி அட்டா என்று ஒன்று செய்தது. கபடி, கில்லி, பட்டம் விடுவது எல்லாம் அதில் உண்டு. சோனி 2013 ஜனவரியில் பிளேஸ்டேஷன் 2 உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஹனுமானை இன்றைக்குக் காசு கொடுத்து வாங்கலாம் என்றால் ஒரு கடை சொல்லுங்கள். அது சுமாரான கேம்தான், நான் ஆடிப் பார்த்தேன், அரை மணி நேரத்தில் அலுத்துவிட்டது. அதனால் என்ன? அது ஓடுவது பிசிஎஸ்எக்ஸ்2 என்ற எமுலேட்டரில். அதை எழுதியவர்களில் பலர் இந்தியப் பக்கமே வந்திருக்க மாட்டார்கள். 1931ல் வந்த காளிதாஸ், தமிழின் முதல் பேசும் படம், அதற்கு ஒரு பிரதிகூட இன்று கிடையாது. அதை எண்ணிப் பெருமூச்சு விட்டு வருஷத்துக்கு ஒரு கட்டுரையாவது வருகிறது. நம் கண்ணெதிரே, நம் வயதில், அதே காரியம் இன்னொரு தடவை நடக்கும்போது 'படிச்சவங்க திருட்டு' என்று சொல்லிச் சிரிக்கிறோம்.

நிறுவனங்களின் யோக்கியதையையும் பார்த்துவிடலாம். 1999ல் கனெக்டிக்ஸ் நிறுவனம் பிளேஸ்டேஷன் கேம்களை மேக் கணினியில் ஓட்டும் எமுலேட்டரைக் காசுக்கு விற்றது. சோனி வழக்குப் போட்டது. 2000ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் கனெக்டிக்ஸ் பக்கம் தீர்ப்பளித்தது. எமுலேட்டர் செய்வதற்காக இயந்திரத்தின் உள்நிரலை ஆராய்வது நியாயமான பயன்பாடு என்றது. பிளீம் என்ற இன்னொரு நிறுவனம் வழக்கில் வென்றும், வக்கீல் செலவு தாங்காமல் 2001ல் மூடியது. பிறகு 2018ல் இதே சோனி பிளேஸ்டேஷன் கிளாசிக் என்று ஒரு குட்டிப் பெட்டி விற்றதே, அதற்குள் இருந்தது என்ன தெரியுமா? பிசிஎஸ்எக்ஸ் ரீஆர்ம்ட். ரசிகர்கள் இலவசமாக எழுதி வைத்த திறந்த மூல எமுலேட்டர். உரிமம் அனுமதிக்கிறது, சட்டப்படி தப்பில்லை. ஆனால் அடுத்த தடவை 'எமுலேட்டர் என்றாலே திருட்டு' என்று யாராவது சொன்னால் இந்தப் பெட்டியை அவர் கையில் கொடுங்கள். அதில் இருந்த 20 கேம்களில் 9 ஐரோப்பிய 50 ஹெர்ட்ஸ் பிரதிகள். அமெரிக்கர்கள் 'மெதுவா ஓடுது' என்று கத்தினார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்களுக்கு மட்டும் என்ன, வேகமாகவா ஓடியது?

நம் சட்டம் என்ன சொல்கிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படித்தேன். நான் வக்கீல் இல்லை, எனவே என்னை நம்பி எதுவும் செய்யாதீர்கள். 1957ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி கணினி நிரலும் ஓர் 'இலக்கியப் படைப்பு'. இந்தப் பத்திரிகையின் வாசகர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: மாரியோவும் மோகமுள்ளும் சட்டத்தின் கண்ணில் ஒரே அலமாரி. 52ஆம் பிரிவு, நிரலைச் சட்டப்படி வைத்திருப்பவர் காப்புப் பிரதி எடுக்கலாம், அது எப்படி இயங்குகிறது என்று ஆராயலாம், வேறொன்றோடு இணைந்து இயங்கத் தேவையான தகவலைத் தேடலாம், சொந்த உபயோகத்துக்குப் பிரதி எடுக்கலாம் என்கிறது. 2012ல் சேர்த்த 65ஏ பிரிவு பூட்டை உடைப்பதைத் தண்டிக்கிறது. அங்கேயும் உரிமையை மீறும் நோக்கம் இருக்க வேண்டும். இந்த விஷயத்தில் நம் சட்டம் அமெரிக்கச் சட்டத்தைவிடத் தாராளமானது. 2024 அக்டோபரில், ஆய்வாளர்கள் நூலகத்தின் பழைய கேம்களை வீட்டிலிருந்தே எட்டிப் பார்க்க விலக்கு வேண்டும் என்ற கோரிக்கையை அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் நிராகரித்துவிட்டது.

ஆனால் நம் சட்டத்தில் எனக்கு ஒரு சிக்கல் உண்டு. அது 'சட்டப்படி வைத்திருப்பவர்' என்கிறது. சித்தப்பா திருப்பூரில் பில் இல்லாமல் வாங்கின மஞ்சள் கேசட் எந்தச் சட்டப்படி எங்களிடம் இருக்கிறது? பெட்டியின் பேட்டன்ட் காலாவதியாகியிருக்கலாம். உள்ளே இருந்த கேம்களின் உரிமை அப்படி இல்லை. எங்கள் ஊருக்கு வந்த ஒரே பிரதி திருட்டுப் பிரதி. அசலைக் கொண்டுவர யாரும் மலை ஏறவில்லை, ஏறுவதாக உத்தேசமும் இல்லை. சட்டத்துக்குள் நின்றுதான் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் எங்களுக்கு ஞாபகம் வைத்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. பாரதி பாடல்களின் உரிமை ஒரு காலத்தில் சினிமாத் தயாரிப்பாளர் ஏ.வி.மெய்யப்பனிடம் இருந்தது, 1949ல் அரசு அதை வாங்கி நாட்டுடைமையாக்கியது. மாரியோவை நாட்டுடைமையாக்கச் சொல்லவில்லை. நிண்டெண்டோவின் வக்கீல்கள் தமிழ் படிக்க மாட்டார்கள் என்றாலும் எதற்கு வம்பு. ஒரு படைப்பின் மேல் உரிமைக்காரரைத் தவிர வேறு யாருக்கும் பாத்தியதை இல்லை என்ற பேச்சை நம் ஊர் எப்போதோ தாண்டி வந்துவிட்டது என்கிறேன்.

எமுலேட்டர் எதற்கு என்பதற்கு இன்னொரு பதிலும் சித்தேரியில் இருக்கிறது. பொங்கலுக்குப் போனபோது பார்த்தேன், பையன்கள் ஏழாயிரம் ரூபாய் போனில் பிபிஎஸ்எஸ்பிபி போட்டு மல்யுத்தம் ஆடிக்கொண்டிருந்தார்கள். சோனியின் கையடக்கப் பெட்டியான பிஎஸ்பியின் எமுலேட்டர் அது. "ஏன்டா, எல்லாரும் ஃப்ரீ ஃபயர் ஆடுறாங்களே?" என்றேன். "டவர் எங்கண்ணா இருக்கு? அதுக்குப் பாறை மேல ஏறணும்" என்றான் ஒருவன். இன்றைய கேம்கள் எல்லாம் இணையத்தில் தொங்குபவை. சர்வரை அணைத்தால் போச்சு. சிக்னல் இல்லாத ஊரில் முழுசாக, விளம்பரம் இல்லாமல், யாரிடமும் அனுமதி கேட்காமல் ஓடுவது பழைய கேம் மட்டும்தான். அந்தப் பையன்களில் யாரும் பிஎஸ்பியைக் கண்ணால் பார்த்ததில்லை.

அந்தப் பயணத்தில்தான் சித்தி வீட்டுப் பரணில் எங்கள் கேசட்டுகளைத் தேடினேன். நான்கு கிடைத்தன. ஒன்றில் எலி கடித்திருந்தது. இரண்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். பெங்களூரில் ஒரு டம்ப்பர் வாங்கி வைத்திருந்தேன். கேசட்டைச் செருகி உள்ளே இருப்பதைக் கோப்பாக எடுக்கும் கருவி. அசல் கேசட் என்றால் பத்து நிமிட வேலை. நம் கேசட்டுக்குள் பெயர் போட்ட சிப்பே கிடையாது. பச்சைப் பலகையின் மேல் கருப்பாகத் தார் சொட்டியதுபோல ஒரு பொட்டு, அவ்வளவுதான். அதன் அடியில்தான் எல்லாம் புதைந்திருக்கிறது.

ஃபேமிகாமின் பிரதான சிப் ஒரு நேரத்தில் கேசட்டின் 32 கிலோபைட் நிரலைத்தான் பார்க்கும். அதற்கு மேல் இருந்தால், ஜன்னலை நகர்த்துவதுபோல வேறு பகுதியைக் கொண்டுவந்து காட்ட கேசட்டுக்குள் தனியாக ஒரு சுற்று வேண்டும். மேப்பர் என்பார்கள். அசல் கேசட்டுகளின் மேப்பர்கள் எல்லாம் எப்போதோ ஆவணமாகிவிட்டன. திருட்டுக் கேசட் செய்தவர்கள் ஆளாளுக்கு ஒன்று செய்தார்கள், யாரும் எதையும் எழுதி வைக்கவில்லை. தொடக்கத்தில் மேப்பர்களுக்கு 256 எண்கள் போதும் என்று நினைத்தார்கள். போதவில்லை. இப்போதைய கோப்பு வடிவத்தில் 4,000க்கும் மேல் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

முதல் கேசட் மூன்றாவது ராத்திரி ஓடிவிட்டது. ஏற்கெனவே தெரிந்த மேப்பர்தான். இரண்டாவதுதான் மஞ்சள் கேசட். மெனு வருகிறது. பின்னால் கடல், தென்னை மரம், பறவை இரண்டு. எதைத் தேர்ந்தெடுத்தாலும் திரையில் எழுத்துக் குப்பை. அதில் ஒரு மாரியோ இருந்தான், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, சட்டை பச்சை, முதல் லெவலிலேயே ராத்திரி. இணையத்தில் இருக்கும் திருட்டுக் கேசட் பட்டியல்களை எல்லாம் சலித்துவிட்டேன், அப்படி ஒன்று கண்ணில் படவில்லை. சித்தப்பா மகனுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "பச்சைச் சட்டை இல்லண்ணா, வெள்ளை" என்கிறான். எனக்குப் பச்சை, அவனுக்கு வெள்ளை. சித்தப்பா இருந்திருந்தால் அவர் ஒரு நிறம் சொல்லியிருப்பார்.

வேலை முடிந்து வந்து ராத்திரி பத்துக்கு மேல் ஒன்றிரண்டு மணி நேரம் இதில் உட்காருகிறேன். எந்த முகவரியில் என்ன எழுதினால் ஜன்னல் எங்கே நகர்கிறது என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டிருக்கிறேன். மேல் நான்கு பிட் புரிந்துவிட்டது. கீழ் நான்கில் ஏதோ ஒன்று இடிக்கிறது. பலகையை ஸ்கேன் செய்து, குறிப்புகளோடு எமுலேட்டர் எழுதுகிறவர்களுக்கு அனுப்ப வேண்டும். உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஏதாவது கிடந்தால் எடுத்துப் பாருங்கள். அறுபது பின் இருக்கிறதா என்று எண்ணுங்கள். துரு பிடித்திருந்தால் தண்ணீர் படாமல், ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துத் துடையுங்கள். ஊதாதீர்கள். எல்லாரும் ஊதித்தான் கெடுத்தோம்.

பரணில் இன்னும் இரண்டு கேசட்டும் அந்தச் சாம்பல் பெட்டியும் இருக்கின்றன. போன வாரம் சித்தி போனில், மழைக்கு முன்னால் ஓடு மாற்ற வேண்டும், பரணை ஒழிக்கப்போகிறேன் என்றார். "அந்த டிவி கேம் பெட்டிய மட்டும் பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுடாதீங்க சித்தி" என்றேன்.

"அது ஓடறதே இல்லையே கண்ணு. அத வச்சு என்ன பண்ணப்போற?"

சனிக்கிழமை காலை அரூர் பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன்.